விடுமுறையில் பாடசாலையைத் திறக்கலாமா? மலையகத்தில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்க நான்கு வழிகள்

தவணை முடியப் போகும் வாரங்களில் இலங்கை மலையகத்துப் பாடசாலைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "லீவுல கிளாஸ் வைப்போமா?" அதிபருக்குப் பாடத்திட்டம் முடியவில்லையே என்ற கவலை. ஆசிரியருக்கு ஊருக்குப் போக வேண்டும். பெற்றோருக்குப் பிள்ளை படித்தால் சந்தோஷம், ஆனால் அன்றைய பேரை (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தை) விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வர முடியாது. மூன்றும் நியாயம்தான். அதனால்தான் கூட்டம் கூடியும் முடிவுக்கு வர முடிவதில்லை. அப்படி இழுபறியில் நிற்கும் அதிபர், ஆசிரியர், பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

விழுந்திருக்கும் இடைவெளி சின்னதல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலை சரிந்தது, பாதைகள் அறுந்தன. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே நடுவில் நின்றது. 2020 ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை 2026இல் ஏழாம் தரத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டப் பழக வேண்டிய காலத்தின் பெரும்பகுதி அந்தப் பிள்ளைக்கு லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) அறையிலேயே கழிந்துவிட்டது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில், பிள்ளைக்கு விட்டுப்போனது எது என்று பார்க்க வேண்டும். ஏழாம் தரத்துப் பிள்ளையிடம் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 35 என்று எழுதினால், அது 7இலிருந்து 2ஐயும் 4இலிருந்து 1ஐயும் கழித்திருக்கிறது. எந்த இலக்கம் மேலே, எந்த இலக்கம் கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதை எடுத்திருக்கிறது. பத்தை உடைத்து ஒன்றுகளாக்குவது ஆரம்ப வகுப்புப் பாடம். அது பிடிபடாத பிள்ளையை விடுமுறையில் உட்கார வைத்து ஏழாம் தரத்து அட்சரகணிதத்தைத் திரும்ப நடத்தினால் என்ன பயன்? வாசிப்பும் இப்படித்தான். பாடப் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு முன்பின் பார்க்காத ஒரு பந்தியைக் கொடுங்கள். கொ, போ போலக் கொம்பும் அரவும் சேர்ந்து வரும் எழுத்தில் விரல் நின்றுவிடும். அப்புறம் அந்தப் பிள்ளை பந்தியைப் பார்க்காது, உங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

இரண்டாவது, பாதை. ஆரம்பப் பிரிவு பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆறாம் தரத்துக்கு மேல் பல பிள்ளைகள் டவுன் பாடசாலைக்குப் போகிறார்கள். ஒரே வீட்டில் தம்பிக்குப் பள்ளிக்கூடம் வாசலில், அக்காவுக்கு பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்தில். இருவருக்கும் ஒரே முடிவு பொருந்தாது.

மூன்றாவது, யார் கற்பிப்பார்கள், அவர்களுக்கு யார் என்ன கொடுப்பார்கள். நான்காவது, வீடு எதை இழக்கிறது. ஐந்தாவதாக, பிள்ளை கடைசி நாள் வரை வருமா. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்காவில் 2013 கோடையில் ஐந்து நகர்ப்புறக் கல்வி மாவட்டங்களில் நடத்திய விடுமுறை வகுப்புகளை ராண்ட் ஆய்வு நிறுவனம் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தது. 20 நாளாவது வந்த பிள்ளைகளிடம்தான் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பெயர் கொடுத்துவிட்டு வராதவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். வருகை தளர்ந்தால் மற்ற ஏற்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீண்.

## வழி 1: விடுமுறையில் பாடசாலையைத் திறப்பது

தமிழ்நாட்டைப் போல மே மாதம் முழுவதும் நீளும் கோடை விடுமுறை நமக்கு இல்லை. ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் வாக்கில் ஒன்று, ஆண்டு முடிவில் ஒன்று என்று துண்டு துண்டாக வருகிறது. பரீட்சை, பண்டிகை, அனர்த்தம் பார்த்து அவையும் வருடத்துக்கு வருடம் நகர்கின்றன. ஆகவே நாம் பேசுவது இரண்டு வார வகுப்பைப் பற்றித்தான். அதற்குள் ஒரு தவணைப் பாடத்தை முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் இரண்டு வாரத்தில் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது, அதைத் தவணை நாட்களில் செய்வது மிகக் கடினம்: நாலாம், ஐந்தாம், ஆறாம், ஏழாம் தரத்துப் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு மட்டத்தைப் பார்த்துப் பிரித்து உட்கார வைப்பது. எழுத்துத் தெரியாதவர்கள் ஓர் அறை, சொல் வாசிப்பவர்கள் ஓர் அறை, பந்தி வாசிப்பவர்கள் ஓர் அறை. நேரசூசி கிடையாது, மணி அடிக்காது, மேசைகள் காலி. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்த முறையைக் குறுகிய முகாம்களாக நடத்தி, முறையான ஆய்வுகளிலும் நல்ல பலன் காட்டியிருக்கிறது. விடுமுறையில் பள்ளிக்கூடத்தைத் திறப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுதான்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. விடுமுறைக்குக் கொழும்பில் ஒரு கடைக்குப் போய் நிற்கிறேன் என்று போகிற பையன் அடுத்த தவணைக்குத் திரும்பாமல் போவது நம் தோட்டங்களில் தெரிந்த கதை. 16 வயது வரை கல்வி கட்டாயம். 2021இலிருந்து வேலைக்கான குறைந்தபட்ச வயதும் 16தான். ஆனால் சட்டம் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கிவிடாது. லீவிலும் "நாளைக்கு வா" என்று சொல்ல ஒரு டீச்சர் இருந்தால் அவன் நிற்க வாய்ப்பிருக்கிறது.

செலவுகள் வெளியே தெரியாமல் நிற்கும் இடங்களைச் சொல்கிறேன். மலையகப் பாடசாலைகளில் வெளிமாவட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய்க் குடும்பத்தோடு இருக்க அவர்களுக்குக் கிடைப்பதே இந்த நாட்கள்தான். கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் ஏற்கெனவே போதாது, அவர்களிலும் சிலர் விடுமுறையில் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்கள். மாணவருக்கான சலுகைக் கட்டண பஸ்ஸான சிசு செரிய பாடசாலை நாட்களுக்கானது, விடுமுறையில் முழுக் கட்டணம் கொடுத்துச் சாதாரண பஸ்ஸில்தான் வர வேண்டும். ஆரம்பப் பிரிவுக்கு வரும் பாடசாலை உணவும் விடுமுறையில் இல்லை. வெறும் தேத்தண்ணீரோடு வந்த பிள்ளையைப் பத்து மணிக்கு மேல் பிடித்து வைக்க முடியாது.

இன்னொன்று, கூட்டத்தில் தாய்மார் மட்டும் கேட்கும் கேள்வி: "சேர், லீவுல ஸ்கூல் வச்சா சின்னவன யாரு பாக்குறது?" அம்மா காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால், பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விடுகிற வயதைத் தாண்டிய குட்டிகளைப் பார்ப்பது பன்னிரண்டு வயது அக்காதான். வகுப்புக்கு வராத பிள்ளைகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அந்த அக்காக்கள்தான் நிறைய இருப்பார்கள். தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டு வரலாம், அவர்களுக்கு ஒரு மூலையில் படம் வரையத் தாளும் கலர் பென்சிலும் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இதில் பாதி தீரும். வகுப்பையும் எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு அம்மா சாப்பாட்டுக்கு வரும் நேரத்தில் பிள்ளையும் வீடு சேரும்.

### எந்த மாதம்? அது எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது

நாடு முழுவதற்கும் ஒரே சுற்றுநிருபத்தில் முடிவெடுப்பதில் உள்ள பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் இல்லை. தென்மேல் பருவமழை ஒரு பக்கத்தை நனைக்கும்போது மறுபக்கம் காய்கிறது.

| விடுமுறை | ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை, வட்டவளை, கினிகத்தேனை | பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, பண்டாரவளை, ஹப்புத்தளை |
|---|---|---|
| ஏப்ரல் | பின்னேரம் இடி மழை, காலை பரவாயில்லை. புத்தாண்டு, கொழுந்து பெருகும் காலம். வருகை குறையும். | அதே நிலை. |
| ஆகஸ்ட் | தென்மேல் பருவமழை. குளிர், வழுக்குப் பாதை, அட்டைக் கடி. | காய்ந்த காலம். காற்று உண்டு, ஆனால் பாதை நல்லது. |
| டிசம்பர் | மழை குறையத் தொடங்கும். காலை வகுப்புக்கு ஏற்றது. | வடகீழ் பருவமழை. மண்சரிவு அபாயம். |

இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் நுவரெலியா மாவட்டத்தில் இருந்தாலும் மழையில் ஊவாவோடு (பதுளைப் பக்கத்தோடு) சேர்த்தே கணக்கிட வேண்டும். ஊவாவில் ஒக்டோபரிலிருந்தே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது 2014 ஒக்டோபர் 29இல். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் எந்த வகுப்பும் பிள்ளையை வெளியே வரச் சொல்லத் தகுந்ததல்ல.

மேற்குப் பக்கம் (ஹட்டன் பக்கம்) ஆகஸ்டில்தான் வைத்தாக வேண்டும் என்றால் தகரக் கூரை உள்ள கட்டிடத்தைத் தவிர்க்கவும். மழை கொட்டும்போது ஆசிரியர் எவ்வளவு கத்தினாலும் இரண்டாவது வரிசைக்குக் கேட்காது. சப்பாத்தும் சொக்ஸும் ஒரு சோடிதான் இருக்கும், திங்கள் நனைந்தது செவ்வாயும் காயாது. சீருடை வேண்டாம், செருப்பு போதும் என்ற ஒரு சொல்லே சில பிள்ளைகளை வர வைக்கும்.

## வழி 2: தவணை நாட்களிலேயே கூடுதல் நேரம்

பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. அதற்கு மேல் ஒரு மணி நேரம் வைப்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும் வழி. ஆசிரியர் அங்கேயே இருக்கிறார், பிள்ளையும் இருக்கிறது, அனுமதியும் சுலபம்.

இங்கே இடிப்பவை பசியும் பஸ்ஸும்தான். ஐந்தாம் தரத்துக்கு மேல் பெரும்பாலும் பாடசாலை உணவு இல்லை. காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கே இறங்கி வந்த பிள்ளைக்கு இரண்டு மணிக்கு எழுத்து ஏறாது. பாடசாலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது, மழைக்காலத்தில் பின்னேரம் மூடுபனி வேறு. மேல் மலைப் பிரிவுக்குக் குறுக்குப் பாதையில் ஏறிப் போக வேண்டிய பெண் பிள்ளைகளை மூன்றரைக்கு அனுப்ப எந்த வீடும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. சனிக்கிழமை வைத்தாலும் பஸ் பிரச்சினை அப்படியேதான்.

இதிலேயே மலிவான ஒரு வழி உண்டு. நாளின் முதல் பாடவேளையை எல்லா வகுப்பிலும் வாசிப்புக்கும் அடிப்படைக் கணக்குக்கும் ஒதுக்குவது. மட்டம் பார்த்து அறை மாறி உட்காரலாம், மணி அடித்ததும் அவரவர் வகுப்புக்குத் திரும்பலாம். பஸ் மாறாது, சாப்பாடு மாறாது, ஒரு சதமும் செலவில்லை. கொடுக்க வேண்டியது வாரத்துக்கு ஐந்து பாடவேளை. பாடத்திட்டம் பின்தங்கும் என்று பாட ஆசிரியர்கள் தயங்குவார்கள், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வருபவர்களும் கேள்வி கேட்பார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வரலாறும் விஞ்ஞானமும் ஏற்கெனவே போய்ச் சேரவில்லை என்பதை அவர்களிடம் துணிந்து சொல்ல ஓர் அதிபர் வேண்டும். சொல்லக்கூடிய அதிபர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

## வழி 3: தோட்டத்திலேயே மாலை வகுப்பு

தமிழ்நாட்டில் கொரோனா இழப்பை ஈடுகட்ட 2021 ஒக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, பிள்ளைகள் இருக்கும் தெருவிலேயே, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், அந்த ஊர்க்காரரான ஒரு தன்னார்வலர். அவருக்கு மாதம் 1,000 இந்திய ரூபாய் ஊக்கத்தொகை. பாடசாலைகள் திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. மீதி பெரும்பாலும் பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடந்ததால் வந்தது. அதையும் மறக்கக் கூடாது: வழக்கமான பாடசாலை நாட்களை இழக்காமல் காப்பதுதான் முதல் மருந்து.

நம் தோட்டங்களுக்கு இந்த ஏற்பாடு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது. லயத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு முன்பள்ளிக் கட்டிடமோ கோயில் மண்டபமோ வாசிகசாலையோ இருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கோ பல்கலைக்கழக அனுமதிக்கோ காத்திருக்கும் அக்கா, அண்ணன்மார் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவர் இருக்கிறார்கள். சின்னத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வரலாம். மழை பெய்தாலும் ஓடி வந்துவிடலாம்.

பலவீனமும் அந்த அக்கா, அண்ணன்மாரிடமே இருக்கிறது. மூன்றாம் மாதம் ஒருவருக்குக் கொழும்பில் வேலை கிடைக்கும், வகுப்பு அன்றோடு நிற்கும். சும்மா செய்யச் சொன்னால் நிற்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2015இல் தோட்டப் பாடசாலைகளுக்கு எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களை ஆரம்பத்தில் 6,000 ரூபாய் கொடுப்பனவில் வைத்திருந்தோம். நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் அரை வயிற்றோடு கற்பிக்கலாம் என்ற எண்ணம் இனியும் வேண்டாம். பழைய மாணவர்களும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்தால் ஒரு தோட்டத்துக்கு இருவரின் மாதப் பணத்தைத் திரட்ட முடியும். எப்போதும் இருவராக இருப்பது பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் அவசியம், ஒருவர் போனாலும் வகுப்பு நிற்காது. ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து யார் எந்த மட்டத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுத்தால் போதும்.

சம்பள நாளிலும் திருவிழா நாட்களிலும் பிள்ளைகள் குறைவாகத்தான் வருவார்கள். அதை முன்கூட்டியே அட்டவணையில் விட்டுவிடுவது நல்லது.

## வழி 4: டியூஷனும் கைத்தொலைபேசியும்

டவுன் டியூஷன் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சையைக் குறிவைத்தே ஓடுகிறது. ஓரளவு பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, குறிப்பாகப் பாடசாலையில் கணித ஆசிரியரே இல்லாத இடத்தில், அது உதவும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அங்கே பின் வாங்கில் உட்கார்ந்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வரும். மாதக் கட்டணம், பஸ் காசு, டியூட் (அச்சடித்த பாடக்குறிப்பு) பிரதிகளுக்கான காசு எல்லாம் சேர்த்தால் தோட்டத்து அம்மாவின் எத்தனை பேர் போகிறது என்று ஒருமுறை எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

கைத்தொலைபேசியை நம்பியதன் பலனைக் கொரோனாக் காலத்தில் பார்த்தோம். சிக்னலுக்காகத் தேயிலை மலை உச்சியில் ஏறி நின்றார்கள், ஒரு போனுக்கு மூன்று பிள்ளைகள். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. உயர்தர மாணவர் தாமாகப் படிக்க அது நல்லது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசிப்புக் கற்றுக்கொடுக்க ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

## உங்கள் பாடசாலைக்கு எது

பாடசாலை தோட்டத்துக்குள் இருக்கும் ஆரம்பப் பிரிவு என்றால் விடுமுறையில் தயங்காமல் திறக்கலாம், தூரமும் பஸ்ஸும் அங்கே கேள்வியே இல்லை. பத்து நாள், காலை மட்டும், மட்டம் பார்த்த குழுக்கள், ஒரு வேளை கடலையோ கஞ்சியோ. ஆசிரியருக்குக் கொடுப்பனவு திரட்ட முடியவில்லை என்றால் கட்டாயப்படுத்தாமல், தோட்டத்து இளைஞர்களை வைத்து வழி 3க்குப் போகலாம்.

சாதாரண தரம் எழுதப்போகும் வகுப்புக்கும் விடுமுறை வகுப்பு சரிதான். அந்தப் பிள்ளைகள் தாமாக வருவார்கள், பெற்றோரும் பஸ் காசைக் கொடுத்து அனுப்புவார்கள். பாடத்தை முழுவதும் திரும்ப நடத்தாமல் கணிதத்திலும் தமிழிலும் சித்தியடைவதற்கு மிக அருகில் நிற்பவர்கள் யார் என்று பார்த்து அவர்களோடு உட்காருங்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது டவுன் பாடசாலையில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை உள்ள தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பாடசாலை தூரம், வீட்டிலும் வேலை, பரீட்சை அருகில் இல்லாததால் யாருக்கும் அவசரமும் இல்லை. இடைவிலகலின் வாசலில் நிற்பவர்களும் இவர்களே. இவர்களுக்காக டவுன் பாடசாலையை விடுமுறையில் திறந்தால், வர வேண்டியவர்களை விட டவுனில் இருப்பவர்களே வந்து வகுப்பை நிரப்புவார்கள். இவர்களுக்குத் தவணை நாட்களில் முதல் பாடவேளை வாசிப்பும், தோட்டத்தில் மாலை வகுப்பும் சேர்ந்தே வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் மாலை வகுப்பைத் தேர்வேன்.

எந்த வழியானாலும், தவணை முடிய மூன்று வாரம் இருக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்துப் பத்து நிமிடம் வாசிக்கவும் இரண்டு கணக்குச் செய்யவும் வைத்து, பெயருக்கு எதிரே மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலோடு கூட்டத்துக்குப் போனால் பேச்சு "வைப்போமா, வேண்டாமா" என்பதை விட்டு "இந்தப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது" என்பதற்கு வந்துவிடும். பாடசாலைக் கட்டிடத்தில் நடத்துவதாக இருந்தால் வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதியைக் கையில் வாங்கிய பிறகு பெற்றோருக்குத் திகதி சொல்லுங்கள். வாய்மொழி அனுமதியில் வகுப்பு நடத்தி, வழியில் ஒரு பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் பொறுப்பு முழுவதும் அந்த ஓர் ஆசிரியர் தலையில் விழும். அடுத்த முறை அவர் முன்வர மாட்டார்.